ரேடியேட்டருக்கு முன்னால் பிரதீப்

முந்தல் சோதனைச்சாவடி தாண்டும்வரை வேலுச்சாமியின் பிக்கப்பு சாதுவாகத்தான் வரும். போடிமெட்டு ஏற்றத்தில் நாலு வளைவு திரும்பியதும் சூட்டு ஊசி சிவப்புக்குப் போய்விடும், பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும். பின்னால் நிற்கும் ஏலத்தோட்டத்து ஆட்கள் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வண்டி சூடேறிவிட்டால் சைக்கிள் ஓட்டத் தெரியாதவனும் மெக்கானிக்தான்.

ஒரு வாரமாக இதே கூத்து. ரேடியேட்டர் மூடி, பெல்ட்டு, தண்ணீர் பம்பு எல்லாம் மாற்றியாயிற்று. ஆட்களைக் கூட்டிப்போகும் கங்காணி கோட்டைச்சாமி நேற்றே கறாராகச் சொல்லிவிட்டான்: "நாளைக்கும் நின்னுச்சுன்னா ஜீப்புக்காரன வரச் சொல்லிருவேன், ஆமா." அந்த டிரிப்பு போனால் வேலுச்சாமிக்கு வேறு பிழைப்பில்லை. ஆகவே இன்று மெக்கானிக் தங்கபாண்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான். அப்படியும் வண்டி நின்றது.

தங்கபாண்டி நல்ல வேலைக்காரன், வாய்தான் ஆகாது. சூடு ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினான். "ஸ்டார்ட் பண்ணி நல்லா மிதிங்கண்ணே" என்றான். மிதித்ததும் உள்ளே விசிறி காற்றை இழுத்தது. வண்டியின் முகத்தில் கட்டியிருந்த பிளக்ஸ் அப்படியே உள்வாங்கிக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டது.

பிளக்ஸில் இருந்தது பிரதீப். வேலுச்சாமியின் ஒரே மகன், ராசிங்காபுரம் போகும் வழியில் பைக்கோடு விழுந்து செத்தவன். அவனைச் சுடுகாட்டுக்கு இதே பிக்கப்பில்தான் கொண்டுபோனார்கள். கூட்டாளிகள் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை முன்னால் இழுத்துக் கட்டினார்கள். போன வாரம் காரியம் முடிந்து வண்டியை மறுபடி ஓட்ட எடுத்தபோதே அவிழ்த்திருக்க வேண்டும். தாய்க்காரி பெரியம்மாள் விடவில்லை. "வருச தெவசம் வரைக்கும் எம்புள்ள முன்னாடி போகட்டும்" என்றாள். காலையில் வண்டி கிளம்புமுன் முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிடுவாள். அதற்குமேல் எவனுக்கு வாய் வரும்?

தங்கபாண்டிக்கு வந்தது. "எறங்கி வந்து பாருங்கண்ணே. ஒங்க மவனுக்குக் கன்னம் ஒட்டுது. ஏத்தத்துல வண்டி மெதுவா ஏறும், விசிறி இழுக்குற காத்துதான் இஞ்சினக் காப்பாத்தணும். இவன் வழிய அடைச்சுக்கிட்டு நிக்கிறான். வேற ஒரு நோவும் இல்ல."

"மொதல்லயே தெரியுமாடா ஒனக்கு?"

"சந்தேகந்தான். நீங்க பம்ப மாத்தச் சொன்னீங்க, மாத்துனேன்."

வேலுச்சாமி இறங்கி வந்து பிளக்ஸுக்கு முன்னால் நின்றான். "அவுக்க மாட்டேன்" என்றான்.

"அவுக்க வேணாம். நடுவுல ஒரு ஓட்டை போட்டாப் போதும். மூஞ்சி மட்டுந்தான் போகும், பேரு இருக்கும்ல?" தங்கபாண்டி கேலிக்குச் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னான்.

கோட்டைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா வேலு, உசுரோட இருக்கையிலதான் ஒம்மவன் ஒரு சோலி பாக்கல. செத்தும் எங்க சோலிக்குக் குறுக்க நிக்கிறானே! வெரசா அவுத்து விடு. இல்ல, ஜீப்புக்குப் போன் போடவா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடித்திருக்க வேண்டும். வேலுச்சாமி அடிக்கவில்லை, அடித்தால் டிரிப்பு போய்விடும். குனிந்து முடிச்சுகளைத் தேடினான். கூட்டாளிகள் அழுதுகொண்டே இறுக்கிய முடிச்சுகள், மழையில் நனைந்து கெட்டித்திருந்தன. பல்லால் கடித்து அவிழ்த்தான். மகன் முகத்தோடு முகம் வைத்துத்தான் கடிக்கவேண்டியிருந்தது. சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான்.

பெரியம்மாளிடம் என்ன சொல்வது என்று வண்டி கிளம்பியதுமே பயம் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு நப்பாசை வந்தது. இப்போதும் ஊசி ஏறிவிட்டால்? கோளாறு வேறெங்கோ இருந்துவிட்டால்? இரண்டாம் கியரிலேயே வைத்து இஞ்சினை அலறவிட்டான். ஏறு, ஏறு என்று ஊசியைக் கெஞ்சினான். கொதிக்கட்டும், பிழைப்பே போகட்டும், எம்புள்ள மேல குத்தமில்லேன்னு ஆனாப் போதும் என்று போடிமெட்டு வரைக்கும் வேண்டிக்கொண்டே வந்தான்.

ஊசி பாதியைத் தாண்டவில்லை. பின்னால் ஆட்கள் கைதட்டினார்கள்.