ஏப்ரல் மாத ட்ரவுட்

கெய்லன் மண்வெட்டியைச் சாணக் குவியலில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னொரு வாட்டி சொல்லு மார்லி. மீன் யாருக்கு?”

“ஓரினுக்கு.”

“ஏப்ரல் மாசத்துல ரெண்டே ரெண்டு மீனை வீட்டுக்குக் கொண்டுபோனேன்னு சொந்த மச்சானையே ஓடையைக் காவல் காக்குற வார்டன்கிட்ட போட்டுக் குடுத்தானே, அந்த ஓரினுக்கா?”

“அந்த ஓரினுக்குத்தான். பேசாம தோண்டு.”

“தோண்டுறேன், தோண்டுறேன். இதுக்காகத்தான் கடவுள் என்னை இவ்வளவு நாள் உசுரோட வச்சிருக்காருபோல” என்று சொல்லிக்கொண்டே மார்லிஸின் அண்ணன் மறுபடி குனிந்தார். ஈரமான சாணத்துக்கு அடியில் புழுக்கள் கொழுத்துக் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி காபி டப்பாவில் போட்டார்.

அந்த இரண்டு மீன் விவகாரத்துக்குப் பிறகு மூன்று கிறிஸ்துமஸுக்குக் கெய்லன் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாலாவது கிறிஸ்துமஸுக்கு ஒரு வாளி உருளைக்கிழங்கோடு வந்து, ஒன்றுமே நடக்காததுபோல ஓரினோடு சீட்டாட உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் அதெல்லாம் வழக்கமில்லை. இப்போது ஒரு வாரமாகத் தங்கை வீட்டுச் சோபாவில் இரவு படுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகிவிட்ட ஓரினைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கும் போர்வை மாற்றுவதற்கும் அவர்தான் மார்லிஸுக்குக் கைகொடுக்கிறார்.

அன்று காலை மார்லிஸ் ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிடும்போது ஓரின் கண்ணைத் திறந்தார். “ட்ரவுட் பொரி, மார்லி. வெண்ணெய்ல” என்றார். மருந்து மயக்கம் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். “கடை மீன் வேண்டாம். நம்ம ஓடையில இருந்து.” இது மயக்கத்தில் வரும் குரல் இல்லை. மீன்பிடிக்க ஓடைக்குக் கூட்டிப்போகும் வாடிக்கையாளரிடம் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லும் குரல்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை வரை ஓடையில் பிடிக்கும் ட்ரவுட்டைத் திருப்பி விட்டுவிட வேண்டும், புழு போட்டுப் பிடிக்கவே கூடாது என்பது சட்டம். அந்தச் சனிக்கிழமை அடுத்த வாரம் வருகிறது. வீட்டுக்கு வந்து போகும் நர்ஸோ, முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது மார்லிஸின் தோளில் கைவைத்து, அடுத்த வாரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“அவனுக்குத் தண்ணியே உள்ள இறங்கல. மீனை என்ன பண்ணப் போறான்?” என்றார் கெய்லன்.

“நாக்குல வச்சாவது பாக்கட்டுமே.”

“நான் போய்ப் புடிச்சிட்டு வரட்டா?”

“நீ ரெண்டாவது தடவை மாட்டுனா வார்டன் ட்ராய் உள்ள தள்ளிருவான். நான் போறேன். நீ ஓரின் பக்கத்துல இரு. ஏதாவது மாத்தம் தெரிஞ்சா உன் வண்டி ஹாரனை அடி. ஓடைக்குக் கேக்கும்.”

வராந்தாவில் ஓரினின் தூண்டில் கம்புகள் வரிசையாக மாட்டியிருந்தன. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் மெல்ல இறக்குவதற்கென்றே செய்த மெலிந்த கம்புகள். மார்லிஸ் கைக்கு எட்டியதை எடுத்தாள். அது அவர் கண்போல் பாதுகாத்து, ஆளைப் பார்த்துத்தான் கையில் கொடுக்கும் மூங்கில் கம்பு என்பது பாதி வழியில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதன் முனையில் அவள் சாதாரணக் கொக்கியைக் கட்டிப் புழுவைக் கோத்தாள். ஓரின் இதைப் பார்த்திருந்தால் நர்ஸ் சொன்ன நேரம்வரைகூடத் தாங்கியிருக்க மாட்டார்.

மேய்ச்சல் நிலத்தைக் கடந்தால் ஓடை. மலையடியில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து ஊற்றாகக் கிளம்பி வரும் தண்ணீர், கோடையிலும் குளிரும், ஜனவரியிலும் உறையாது. இது அவளுடைய அப்பாவின் பால்பண்ணை. சின்ன வயதில் மார்லிஸ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புழு டப்பாவோடு இங்கே ஓடிவருவாள். மாலைச் சாப்பாட்டுக்கு ட்ரவுட் பொரித்துத் தட்டில் விழுந்தால் போதும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். தலையைக்கூட விடமாட்டாள்.

அப்புறம் ஓரின் வந்தார். கட்டிக்கொண்ட வருடம்தான் அவர் வெளியூர்க்காரர்களை ஓடைக்குக் கூட்டிப்போகும் வேலையைத் தொடங்கினார். அப்போது ஓடை இருந்த இருப்பு வேறு. மாடுகள் மிதித்துக் கரையெல்லாம் சரிந்து கலங்கிக் கிடந்தது. மீன் அருகிப் போயிருந்தது. ஓரின் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார். கரையோரம் வேலி போடுங்கள், இருக்கிற ட்ரவுட்டைச் சில வருடம் விட்டுவையுங்கள் என்று கெஞ்சினார். மேல்பண்ணைக் கிழவர் ஒருவர், “எல்லாம் சரி, ஒன் பொண்டாட்டி வீட்ல என்னத்தைப் பொரிக்கிறா?” என்று கேட்டுவிட்டார். ஓரின் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மார்லிஸும் எதுவும் சொல்லவில்லை. அன்று முதல் அவள் ட்ரவுட் பொரிப்பதை நிறுத்திவிட்டாள். நாற்பது வருடம் ஆகிவிட்டது. அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

ஓடை தேறியது. ஜனவரியில் பனிமேல் மிளகுத்தூள் தூவினதுபோல் மீன் தின்னும் குட்டிக் கொசுக்கள் கிளம்பும்போது, ஓரின் சிகாகோ டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்; அவள் ஃப்ளாஸ்க்கில் சூப் ஊற்றிக் கொடுப்பாள். ஏப்ரல் தூறலில் சாம்பல் நிறப் பூச்சிகள் இறக்கையைப் பாய்மரம்போல் விரித்துத் தண்ணீரில் மிதந்து வரும். ஆகஸ்ட் வெயிலில் வெட்டுக்கிளி. இலை உதிரும் காலத்தில் பெட்டை மீன்கள் சரளையில் முட்டையிடப் பள்ளம் பறிக்கும். அப்போது ஆட்களைத் தண்ணீரில் இறங்கவிடாமல் கரையோடு நடத்திப்போவார். இத்தனை பருவத்திலும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது கையில் ஒட்டிய மீன் வாசனையை மட்டும்தான். சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு எந்த மீன் எந்த வேருக்கு அடியில் நின்றது என்பதெல்லாம் ஒப்பிப்பார். அவள் கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷைப் பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

கேட்டது வீண்போகவில்லை. மார்லிஸ் நேராகப் பாலத்துக்குக் கீழே உள்ள வளைவுக்குப் போனாள். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. நின்றுகொண்டு வந்தால் மீன் பார்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் குனிய மனம் வராத பெரிய மனிதர்களைக்கூட ஓரின் இந்த இடத்தில் முழங்கால் போட வைத்திருக்கிறார். மார்லிஸ் முனகிக்கொண்டே மண்டியிட்டாள். ஈரம் பாவாடையைக் கடந்து ஏறியது. அவள் கண் ஓடையில் இருந்தது, காது வீட்டுப் பக்கம் இருந்தது. தான் இல்லாத நேரத்தில் ஓரின் போய்விடக் கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் அவள் மனதில் ஓடவில்லை.

முதல் புழுவை ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாவது புழு வேரோரமாக உருண்டு போய் நின்றது. நூல் பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் தூக்கினாள். மூங்கில் கம்பு வளைந்து துடித்தது. சட்டிக்கு அளவான பழுப்பு ட்ரவுட், விலாவில் சிவப்புப் புள்ளியோடு புல்லில் வந்து விழுந்தது. அதை அமுக்கிப் பிடித்துக் கல்லால் தலையில் ஒரு போடு போட்டாள். கைப்பழக்கம் மறக்கவில்லை.

அப்போது ஹாரன் ஒலித்தது.

மார்லிஸ் கம்பைக் கீழே போட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் மடங்கியபடியே மாட்டிக்கொண்டது. இரண்டாவது ஹாரனில்தான் சத்தம் வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை, தலைக்குமேல் பாலத்திலிருந்து வருகிறது என்பது உறைத்தது. வார்டன் ட்ராயின் பச்சை வண்டி. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாவி, உசுரே போயிருச்சு” என்றாள் மார்லிஸ்.

அவன் இறங்கி வந்து கைகொடுத்துத் தூக்கினான். புல்லில் கிடந்த மீனையும், கம்பையும், காபி டப்பாவையும் பார்த்தான். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“இது ஓரினோட மூங்கில் கம்புதானே?”

“ஆமா.”

“இதுல போயி புழுவா?”

“ஆமா ட்ராய். எழுதிக்க. எல்லாத்தையும் எழுதிக்க. ஆனா மீனை விடமாட்டேன்.”

“ஓரின் எப்படி இருக்காரு?”

“ட்ரவுட் வேணுமாம்” என்றாள்.

ட்ராய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கரையேறி வண்டிக்குப் போனான். தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சாண்ட்விச்சை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, காலிப் பெட்டியோடு திரும்பி வந்தான். மீனை அவனே அதில் வைத்து மூடினான்.

“கையில ஆட்டிக்கிட்டு ரோட்டோரமா நடக்காதீங்க. பெட்டியைத் திருப்பித் தர அவசரம் இல்ல” என்றான். “சீக்கிரம் போங்க.”

வீட்டில் ஓரின் இன்னும் உயிரோடு இருந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் காலையில் இல்லாத இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. கெய்லன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்துச் சீட்டாட்டத்தில் ஓரின் செய்த கள்ளத்தனங்களை எல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டில் முன்னறையில்தான் கிடந்தது. அங்கிருந்து அடுப்படி தெரியும். மார்லிஸ் மீனின் வயிற்றைக் கீறி, முள்ளோரத்து ரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்து, மாவிலும் உப்பிலும் புரட்டினாள். இரும்புச் சட்டியில் வெண்ணெய் நுரைத்தது. மீன் உள்ளே விழுந்ததும் வீடு முழுக்க வாசனை எழுந்தது.

“புழுவா?” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

கெய்லன் துள்ளி எழுந்துவிட்டார். ஓரினின் கண் பாதி திறந்திருந்தது.

“புழுதான்” என்றாள் மார்லிஸ், கரண்டியும் கையுமாக.

“தோண்டுனது இவனா?”

“நான்தாண்டா. வார்டனுக்குப் போன் பண்ணிச் சொல்லு, போ” என்றார் கெய்லன். ஓரினின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவருடைய சிரிப்பு எப்போதும் அவ்வளவுதான்.

தட்டைக் கொண்டுவந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். விலாவிலிருந்து துளி சதையைக் கிள்ளி, முள் இருக்கிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்து, அவர் உதட்டருகே கொண்டுபோனாள். ஓரின் வாயைத் திறக்கவில்லை. தலையை மெல்ல அசைத்தார்.

“எனக்கில்ல.”

“நீதானே கேட்ட?”

“உனக்கு.” ஒவ்வொரு சொல்லுக்கும் இளைப்பாறி வந்தார். “சாப்புடு. நான் பாக்குறேன்.”

மார்லிஸ் விரலில் அந்தத் துளியோடு அப்படியே இருந்தாள். கெய்லன் ஜன்னலோரம் போய், வெளியே பார்க்க ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ பார்த்தார். தான் ட்ரவுட்டை விட்டுவிட்டதை இத்தனை வருடமாக இந்த மனிதர் கவனிக்கவே இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்கு அதில் கோபம்கூட இல்லை, அவர் மறந்துவிட்டார், அவளும் மறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார் என்று விட்டுவிட்டாள். இப்போது அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவ்வளவு பிரியமாக இருந்தது.

அவள் விரலை வாயில் வைத்தாள்.

பிறகு இரண்டு கையாலும் சாப்பிட்டாள். மொறுமொறுத்த வாலைக் கடித்தாள். விலாச் சதையை முள்ளிலிருந்து வழித்து எடுத்தாள். உதட்டில் வெண்ணெய் வழிந்தது, கண்ணிலும் வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

“நல்லாருக்கா?”

“உப்பு கம்மி.”

“பொய்” என்றார் ஓரின்.

அவருடைய கண் அவள் கையையும் வாயையும் விட்டு நகரவில்லை. மூச்சு ஒன்று வந்தது. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கடுத்ததற்காக மார்லிஸ் மெல்லுவதை நிறுத்திக் காத்திருந்தாள். கெய்லன் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து, கட்டில் கால்மாட்டில் நின்று, தொப்பியைக் கழற்றினார்.

“மார்லி” என்றார்.

“தெரியும்” என்றாள்.

ஓரினின் கண் இன்னும் திறந்தே அவள் பக்கம் இருந்தது. தட்டில் பாதி மீன் மிச்சம் இருந்தது. கெய்லன் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

மார்லிஸ் கொடுக்கவில்லை. மீனைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள்.