தபால்பெட்டி வரைக்கும்

பனியை எனக்குப் பிடிக்காது. பதினாலு வருடம் அதற்குள் இருந்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களின் கதை வேறு. பிளாக்டவுனில் என் தம்பி மூஸாவின் வீட்டுக்குப் போனால், அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அவுஸ்திரேலியாவில ஸ்நோவும் விழுமா?" விழும். சிட்னியிலிருந்து ஆறு மணித்தியாலம் கார் ஓடி, மின்சார நிலையத்து ஆட்களுக்காக மலை உச்சியில் கட்டிய எங்கள் குடியிருப்புக்கு வந்து பார்த்தால் தெரியும். அறுபது வீடு, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம். ஜூனில் தொடங்கினால் செப்டெம்பர் முடியும்வரை ஓயாது.

அந்த மலையில் தமிழ் பேசிய வீடு எங்களுடையது மட்டும். என் கணவர் நூர்தீன் நிலையத்தில் டர்பைன் பார்க்கிறவர். வீட்டில் பனி அள்ளுவது அவர் வேலை, அதைப் பார்த்து எரிச்சல்படுவது என் வேலை. விடிந்ததும் பனி அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். வாசற்படியிலிருந்து ரோட்டோரத்துத் தபால்பெட்டி வரைக்கும் இருபத்தேழு காலடி. அள்ளி முடித்து, மூக்கு சிவந்து உள்ளே வந்து, "வந்து பாருங்க மைமூனா, பாதை எவ்வளவு வடிவாக் கிடக்கு" என்பார். "வடிவாம்! நாளைக்கும் விழும்" என்பேன். விழும்.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் எங்களுக்குள் சண்டை. அந்த வருடத்தோடு வேலையை விட்டுவிட்டு, சிட்னிப் பக்கம் கிரவீனில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு கீழே இறங்குவதாகச் சொல்லியிருந்தார். நானும் திரைச்சீலைத் துணி வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த வருடக் குளிர்காலத்துக்கும் கம்பனியில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் பேச்சை நிறுத்தினேன். மூன்று நாள். மூன்றாம் நாள் காலை தேத்தண்ணீரை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அவர் குடித்தார், கதவோரக் கதிரையில் இருந்து சப்பாத்துப் போட்டார். நான் திரும்பி வந்தபோது ஒரு காலில் சப்பாத்து இருந்தது, மற்றது கையில் இருந்தது, அவர் இல்லை.

மூஸாவும் ஆட்களும் வந்து அவரைச் சிட்னிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டித் தொழுவித்து அடக்கினார்கள். நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டும். அதுதான் இத்தா.

"எங்கட வீட்ட வாங்க ராத்தா, இங்க இருந்து இத்தாவ முடிங்க" என்று மூஸா போனில் கெஞ்சினான்.

"அவர் மௌத்தான வீட்டுலதான் இரிக்கோணும். அது கடமை. வேற ஒண்டுமில்ல."

அந்த 'வேற ஒண்டுமில்ல' என்பதை நான் எல்லோருக்கும் சொன்னேன். பக்கத்து வீட்டு மார்த்தாவுக்கும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். மார்த்தா போலந்துக்காரி, எழுபது வயது, கணவனை அதே மலையில் பறிகொடுத்தவள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீடு கம்பனியுடையது. கம்பனி ஆள் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நான் கதவுக்குப் பின்னால் நின்று பேசினேன். இத்தா முடிய நான் எண்ணிச் சொன்ன செப்டெம்பர் இருபத்திரண்டு வரைக்கும் இருக்கலாம் என்றான். ஆனால் ஒரு நிபந்தனை: வாசலிலிருந்து ரோட்டுக்குப் போகும் பாதை ஒவ்வொரு நாளும் மதியத்துக்குள் திறந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண், ஏதாவது நடந்தால் அம்புலன்ஸ்காரர் உள்ளே வர வேண்டும். ஒரு நாள் பாதை மூடிக் கிடந்தாலும் கீழே கூட்டிப்போய்விடுவோம் என்றான். நியாயமாகப் பேசினான், அதனால் அவனோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

முற்றம் வீட்டைச் சேர்ந்தது, அதில் இறங்கினால் இத்தா முறியாது. ஆனால் அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக்கும் வேலி இல்லை. ஆகவே நானே ஒரு சட்டம் போட்டேன். தபால்பெட்டி வரைக்கும் என் வீடு, அதற்கு அப்பால் துனியா, வெளியுலகம். கடைச் சாமானை மார்த்தா வாங்கிவந்து தபால்பெட்டி அடியில் வைப்பாள்.

ஜூன் நடுவில் முதல் பனி விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான் முதல்தரம் சவள் பிடித்தேன். இத்தாவுக்கு வெள்ளைச் சேலை, அதற்கு மேல் அவருடைய செம்மஞ்சள் கம்பனி ஜக்கெட், தலையில் முக்காடு, அதற்கு மேல் கம்பளித் தொப்பி, கண் மட்டும் வெளியே. இதைவிடப் பெரிய பர்தாவை எந்த ஊர்க் கடையிலும் வாங்க முடியாது. ஒரு நாள் பனித்தள்ளி வண்டிக்காரன் ரோட்டால் போகும்போது அந்த ஜக்கெட்டைக் கண்டு, பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டான். நூர்தீனுக்குத் தூக்குகிற கை. அடுத்த கணம் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், கை பாதியில் நின்றுவிட்டது. எனக்கும் கை எழும்பப் பார்த்தது.

பனி அள்ளுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதினாலு வருடம் யன்னலால் பார்த்திருக்கிறேன், அது போதும். புதுப்பனியைத் தள்ள வேண்டும். பழம்பனியைத் தட்டில் அழுத்தி வைத்த பாற்சோறு வெட்டுகிற மாதிரிக் கட்டிகட்டியாக வெட்டி எடுக்க வேண்டும். காற்று வரும் பக்கம் கொட்டினால் எல்லாம் முகத்துக்கே திரும்பி வரும். இவ்வளவையும் முணுமுணுப்பு இல்லாமல் செய்த மனுஷனை நினைத்து ஆத்திரம் வந்தது. ஒரு நாளாவது முதுகு நோகுது என்று சொல்லியிருக்கலாமே!

ஜூலையில் நாள் தவறாமல் விழுந்தது. அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் குவித்ததில் சுவர் எழும்பி என் தோளுக்கு மேல் போனது. பாதைக்குள் நின்றால் ரோடு தெரியாது, மார்த்தா வீடு தெரியாது, தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டும். சத்தமே இல்லை. நிலையத்து இயந்திரம் மலைக்கு அடியில் ஓடுவது உள்ளங்காலில் மட்டும் தெரியும். அந்த வெள்ளை அறைக்குள் நான் அவரோடு பேசத் தொடங்கினேன். முதலில் ஏச்சுத்தான். கையெழுத்துப் போடுகிற நேரம் என்னைக் கேட்டால் கை உடைந்துவிடுமா என்று கேட்டேன். கிரவீன் வீட்டுக்கு நீலத் திரைச்சீலை நினைத்து வைத்திருந்தேன், தெரியுமா என்று கேட்டேன். மேகம் இறங்கிவரும் நாட்களில் தபால்பெட்டி மறைந்துவிடும். இருபத்தேழு காலடிதான், ஆனாலும் நடக்க நடக்க அது வராது. முன்னால் யாரோ அள்ளிக்கொண்டு போகிறார் போலவும், நான் அவர் பின்னால் போகிறேன் போலவும் இருக்கும். எனக்குப் பயம் வரவில்லை. மெதுவாகப் போங்க, மூச்சு வாங்குது என்றுகூட ஒரு நாள் சொன்னேன். பிறகு தபால்பெட்டி நெற்றியில் இடித்தது.

குசினிச் சுவரில் கம்பனிக் கலண்டர் தொங்கியது. ஒவ்வொரு நாளும் அள்ளி முடித்து வந்து ஒரு கோடு கீறுவேன். இருபத்திரண்டைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன்.

செப்டெம்பர் பதினேழாம் திகதி பனி உருகிக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இனித் தப்பினேன் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் தொடங்கிய பனி அந்த வருடத்தின் எல்லாப் பனியையும் தோற்கடித்தது. போன் செத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் இடுப்பளவுக்கு வெள்ளை, பாதை இருந்த அடையாளமே இல்லை.

கம்பனி ஆள் பனி ட்ரக்டரில் வந்து ரோட்டில் நின்றபடி கத்தினான். கீழே போகும் ரோட்டை மதியத்தோடு மூடுகிறார்கள், திறக்க எத்தனை நாளாகுமோ தெரியாது, வாருங்கள் என்றான்.

"மதியத்துக்குள்ள பாதை திறந்தா நான் இருக்கலாமா?" என்று, கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு, படியில் நின்று கேட்டேன்.

அவன் இடுப்பளவுப் பனியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். இருக்கலாம் என்றான்.

"இன்னும் அஞ்சு நாள்தான்!" என்றேன். யாருக்குச் சொன்னேனோ தெரியாது.

மார்த்தா தன் பக்கத்திலிருந்து சவளோடு வந்தாள். இந்த வயதில் விழுந்து தொலைக்கப் போகிறாய், உள்ளே போ என்று விரட்டினேன். வெட்டினேன், தூக்கினேன், எறிந்தேன். பத்துக் காலடியில் கை கொப்பளித்தது. பதினைந்தில் கொப்பளம் உடைந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஏச்சு வரவில்லை. "விட்டிட்டுப் போகமாட்டன், விட்டிட்டுப் போகமாட்டன்" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மதியத்துக்குச் சற்று முன் சவள் தபால்பெட்டிக் கம்பத்தில் பட்டது. கம்பனி ஆள் தொப்பியைத் தொட்டுவிட்டு, மற்ற ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மூன்று நாளும் விழுந்தது. கையில் துணி சுற்றிக்கொண்டு அள்ளினேன். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விழுகிற பனிக்குள்ளே நின்று, அவரிடம் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணீரைக் கையில் தந்திருக்கலாம் என்று சொன்னேன். பாதை வடிவாகத்தான் கிடந்தது, ஒவ்வொரு நாளும் வடிவாகத்தான் கிடந்தது என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கலண்டரில் கோடு கீறினேன்.

இருபத்திரண்டாம் திகதி வெயில் எறித்தது, ரோடு திறந்தது. பத்து மணிக்கு மூஸாவின் கார் வந்தது. இறங்கியவன் தபால்பெட்டிக்கிட்டவே நின்றுவிட்டான். முகம் சரியில்லை.

"என்னடா, ஆருக்கும் சுகமில்லையா?"

"எல்லாரும் சுகம் ராத்தா. இத்தா முடியிற துவாவுக்கு மௌலவிக்கிட்ட சொல்லப் போனன். அவர் மௌத்தான திகதியக் கேட்டுக் கணக்குப் பாத்தார். இத்தாட மாசம் பிறைமாசமாம், அதுக்கு நாள் குறைவாம். நாம இங்கிலீசு மாசத்தில கணக்குப் பாத்திருக்கோம். பதினேழாம் திகதியே முடிஞ்சிட்டு. போன் எடுத்தன், வேலை செய்யல்ல."

நோன்புக்கும் பெருநாளுக்கும் கழுத்து நோகும்வரை வானத்தில் பிறை தேடுகிற குடும்பம் நாங்கள். இதற்கு மட்டும் நான் கம்பனிக் கலண்டரை நம்பியிருக்கிறேன். மேகம் மூடிய மலையில் நாலு மாதமாகப் பிறையைக் கண்ணால் காணவும் இல்லை, அதை நினைக்கவும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. மூஸா பயந்துபோனான்.

"கம்பனி ஆள் கீழ எல்லாம் சொன்னான். அந்த ட்ரக்டரிலேயே நீங்க வந்திருக்கலாம். கையப் பாருங்க! அஞ்சு நாள் வீணாப் போச்சே ராத்தா."

கையைப் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, இன்றைக்கு. விரல் விட்டு எண்ணினால் ஒரு கை.

"வீணாப் போகல்ல மூஸா. நாலு மாசம் பத்து நாளும் அல்லாஹ் சொன்னதுக்காக இருந்தன். அது கடமை. இந்த அஞ்சு நாளும் என்னை ஒருத்தரும் இருக்கச் சொல்லல்ல. அல்லாஹ்வும் சொல்லல்ல."

மூஸா பாதைக்குள் வந்து என் தோளைப் பிடித்தான்.

"அவருக்காகத்தான் இருந்திருக்கன்" என்று சொல்லிவிட்டு, வெயிலில் நின்று வாய்விட்டு அழுதேன்.