நல்லாருக்குதுங்க ஐயா

செல்வரத்தினம் சேர் நல்ல ஆசிரியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். அவ்வளவு சுலபமாக யாரையும் விடுவதாக இல்லை நான்.

மருத்துவ பீடத்தின் கடைசி வருடத்தில், சிறுவர் வைத்தியம் பழகுவதற்காக எங்களை மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். சேர் அங்கே குழந்தை வைத்திய நிபுணர், யாழ்ப்பாணத்துக்காரர். மற்ற நிபுணர்களை எனக்குத் தெரியும். கட்டிலைச் சுற்றி மாணவர்களை நிறுத்தி, பதில் தெரியாதவனைத் தாய்மாருக்கு முன்னாலேயே நாறடிப்பார்கள். இவருக்குக் குரலே உயராது. இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பிள்ளையைத் தொடுவார். எங்களையும் அப்படித்தான் தொடவைப்பார். அழுகிற பிள்ளையைக் கட்டிலில் கிடத்தாமல் தாயின் மடியில் வைத்தே பார்க்கப் பழக்கினார். ஸ்டெதஸ்கோப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அது கடித்துச் சலிக்கும்வரை காத்திருப்பார்.

அவருடைய பாடங்களில் பெரிய பாடம் ஒன்று இருந்தது. நாள் தவறாமல் சொல்லுவார்.

"பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாது. தாய்க்குத் தெரியும். தாயைக் கேளுங்கோ, தாய் சொல்லுறதை நம்புங்கோ. அவவை விடப் பெரிய டொக்டர் இந்த வார்ட்டில ஒருத்தரும் இல்லை."

கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த என் சகமாணவன் கோபிசங்கர் இதைக் கேட்டுச் சொக்கிப்போவான். "இப்படி ஒரு மனிசனா!" என்பான். நானும் சொக்கித்தான் போனேன். ஆனால் வார்ட்டுக்குள் அந்தப் பாடத்தைச் செய்துகாட்டும்போதெல்லாம் எனக்கு அதில் நம்பிக்கை வராது.

ஏனென்றால் நான் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளருக்குக் கட்டிய லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். என் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். சின்ன வயதில் ஒருநாள், காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். அம்மாவுக்கு அன்று நல்ல காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நடத்தும் துரை வந்து, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். "நல்லாருக்கோம்ங்க தொர" என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னாள்.

அது பொய் இல்லை. பதிலும் இல்லை. பெரியவர் எதிரே வந்தால் தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதுபோல அது ஒரு மரியாதை, அவ்வளவுதான். யாராவது வாய் தவறி "இல்லீங்க" என்று சொல்லிவிட்டால், துரை போன பிறகு வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து, "தொரகிட்ட என்னடி வாயி ஒனக்கு?" என்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகப் படிந்துபோன வார்த்தை. இதைப் பாடப் புத்தகத்தில் யார் எழுதுவார்கள்?

அன்றைக்குக் காலையும் சேர் உள்ளே நுழைந்ததும் தாய்மார் எல்லாரும் எழுந்து கட்டிலோடு ஒட்டி நின்றார்கள். பெரட்டுக் களத்தில் நிற்கிற அதே நிற்பு. நர்ஸ் மிஸ் ஒவ்வொருவரையும் பார்த்து, "ஹொந்தய்த அம்மே?" என்று சிங்களத்தில் நலம் கேட்டுக்கொண்டே போனார். "ஹொந்தய் மிஸ், ஹொந்தய்" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. ஒரு வார்ட் முழுக்க நோயாளிப் பிள்ளைகள், ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை!

ஜன்னலோரக் கட்டிலில் பிரியந்தி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம், என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கலாம். மடியில் மதுரன், கைக்குழந்தை. கம்பளித் தொப்பி, காலுறை, நெற்றி கொள்ளாத கறுப்புப் பொட்டு. சளியும் இழுப்புமாக வந்து, நெபுலைசர் பிடித்து, இழுப்பு குறைந்திருந்தது. வீட்டுக்கு விடலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. விவரம் கேட்கும் முறை கோபிசங்கருடையது.

அவனும் குறை சொல்ல முடியாதபடிதான் கேட்டான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், கையைச் சூடாக்கினான், சிரித்தான்.

"அம்மா, பிள்ளை எப்படி இருக்கிறார்?"

"நல்லாருக்குதுங்க ஐயா."

"பால் நல்லாக் குடிக்கிறாரா?"

"நல்லாக் குடிக்குதுங்க."

"மூச்சு விடக் கஷ்டப்படுகிறாரா?"

"இல்லீங்க ஐயா."

சேரும் ஒருதரம் தன் வாயால் கேட்டார், இன்னும் அன்பாக. அதே பதில், இன்னும் பணிவாக வந்தது. பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயம் வேகமாக அடிக்கிறது, அது நெபுலைசர் மருந்தின் வேலை என்று எங்களுக்கு விளக்கினார். அது நடக்கக்கூடியதுதான். தாய் சொல்வதும் அதற்குப் பொருந்தியது. "மத்தியானம் வீட்டுக்கு விடலாம்" என்றார்.

பிரியந்தி முந்தானையால் பிள்ளையின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள். வெளியே பனிமூட்டம் ஜன்னல்வரை வந்திருந்தது. இந்தக் குளிரில் எதைத் துடைக்கிறாள்? நான் வாயைத் திறந்தேன்.

"சேர், அவங்க சொன்னது பதில் இல்ல சேர்."

எல்லாரும் திரும்பினார்கள். சேர் எங்களை வார்ட்டுக்கு வெளியே இருந்த நடைக்கு அழைத்துப் போனார். தாய்க்கு முன்னால் எதையும் விவாதிக்கமாட்டார், அதுவும் அவருடைய பாடம்தான்.

"தாய் பொய் சொல்லுறா எண்டோ சொல்லுறீர், ஊர்மிளா?"

"பொய் இல்ல சேர். எங்க ஆளுங்க அப்படித்தான். நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. வேற மாதிரிக் கேக்கணும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பாய்ந்திருப்பேன்.

"எங்கட ஆக்கள் இப்பிடித்தான் எண்டு ஒரு சனத்தையே மூட்டை கட்டக் கூடாது பிள்ளை. தோட்டத்துச் சனத்துக்குத் தன்ர பிள்ளையைப் பற்றியே சொல்லத் தெரியாது எண்டு நினைக்கிற டொக்டர்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறன். நீரும் அப்பிடி ஆகிவிடாதையும். அதுவும் நீர் அங்கயிருந்து வந்த பிள்ளை."

கேட்டீர்களா? என் ஆட்களை என்னிடமிருந்து காப்பாற்றுகிறார்! காது மடல் எரிந்தது. கோபிசங்கர் தரையைப் பார்த்தான். நான் "சரிங்க சேர்" என்றேன்.

அதற்குப் பிறகு வகுப்பு. தலைப்பு, தாய்மாரிடம் விவரம் கேட்பது எப்படி. வகுப்பு அருமையாக இருந்தது, அதுதான் கொடுமை. கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் மாடிப்படி ஏறுவது, பெரியவர் படி ஏறிக் களைப்பதுபோல இதயம் பலவீனமான பிள்ளை பால் குடிக்கும்போது களைக்கும், வேர்க்கும், பாதியில் விட்டுவிடும் என்று சொன்னார். எல்லாரும் குனிந்து எழுதினோம். நானும் எழுதினேன், உள்ளுக்குள் பொருமிக்கொண்டே. அந்த முந்தானை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் கென்டீனுக்குப் போனார்கள். நான் வார்ட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் பிரியந்தி எழுந்து நின்றாள்.

"நல்லாருக்குதுங்க மிஸ்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள்மேலா, என்மேலா, தெரியாது. வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கட்டில் காலடியில் எறிந்தேன்.

"ஒக்காருங்கக்கா. நான் மிஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொகவந்தலாவ. லயத்துப் புள்ள."

"அப்புடிங்களா மிஸ்" என்று சிரித்தாள். உட்காரவில்லை. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒங்கம்மா என்னா செய்றாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொழுந்துதான். இன்னைக்கும் மலைக்குப் போயிருக்காங்க."

அப்போதுதான் உட்கார்ந்தாள். "இந்த மழையிலயுமா?" என்றாள். அட்டைக்கடியைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு கேட்டேன், "பால் குடுக்கையில என்னா செய்வான் இவன்?"

"அத ஏன் கேக்குறீங்க. ரெண்டு சப்பு சப்புவான், விட்டுட்டு மேமூச்சு வாங்குவான். மறுபடியும் ரெண்டு சப்பு. மண்டையெல்லாம் தண்ணியா ஊத்தும், இந்தக் குளிருலயும். தொடச்சுத் தொடச்சு என் முந்தானையே நனைஞ்சு போச்சு. காலையில இருந்து அதுவும் இல்ல, வாயே வைக்க மாட்டேங்குறான்."

வகுப்பில் நான் எழுதிய மை இன்னும் காயவில்லை.

"இத ஏங்க்கா ஐயாகிட்டச் சொல்லல?"

"ஐயா நல்லாருக்கானா, நல்லாக் குடிக்கிறானான்னுதானே கேட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வள்ளுன்னு விழுற டொக்டரா இருந்தாக்கூட ரோசத்துல சொல்லியிருப்பேன். இவரு அம்புட்டுப் பெரிய மனுசரு, கையச் சூடு பண்ணிக்கிட்டு, அம்புட்டு அன்பாக் கேக்குறாரு. அவரு மொகத்தப் பாத்து இல்லீங்கன்னு எப்புடிச் சொல்றது?"

தொப்பியை எடுத்துப் பார்த்தேன். மதுரனின் நிறம் சரியில்லை. உள்ளங்கால் சில்லென்று இருந்தது. அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஓடினேன்.

சேரும் ஓடித்தான் வந்தார். பாதி குடித்த கோப்பையை எங்கே வைத்தார் என்றுகூடத் தெரியாது, சட்டையெல்லாம் தேத்தண்ணி. ஒட்சிசன் போட்டார், அவரே ஊசி ஏற்ற நரம்பு தேடினார், கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். இதயத் தசையை வைரஸ் தாக்கியிருக்கிறது, சளிக்கு வந்த அதே வைரஸாகத்தான் இருக்கும் என்றார். முதல்நாளே தெரிந்து அனுப்பியிருந்தால், காலையிலாவது அனுப்பியிருந்தால், பிழைத்திருக்குமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. அம்புலன்ஸ் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதில் ஏற்றுவதற்குள் பிள்ளை போய்விட்டது. நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த சேரின் கையை நர்ஸ் மிஸ்தான் பிடித்து நிறுத்தினார்.

அவ்வளவு நேரமும் பிரியந்தி கட்டிலின் காலடியில் நின்றாள். என் வெள்ளைக் கோட்டு கீழே விழுந்திருந்தது. அதை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை.

அவள் அழுது ஓய்ந்த பிறகு சேர் அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார். கதிரையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. அவரும் உட்காராமல் நின்றார்.

"அம்மா, நாங்கள் பிந்திப்போனம். காலமை நான் இன்னும் வடிவாப் பார்த்திருக்க வேணும்." கறைபட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்களில பிழை இருந்தாச் சொல்லுங்கோ. என்னை ஏசுங்கோ. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

கேளுங்கக்கா, கேளுங்க! சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேளுங்க! நெஞ்சுக்குள் கத்தினேன். ஒருதடவை, ஒரே ஒரு தடவை "இல்லீங்க" என்று சொல்லித் தொலையுங்கள்.

பிரியந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கையைக் கூப்பினாள்.

"ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. நல்லாப் பாத்தீங்க."

சேர் என்னைப் பார்த்தார். காலையில் நடையில் நான் சொன்னது அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நல்ல மனிதர், கெட்டிக்காரர், என்ன பிரயோசனம்? பிரியந்தி கோட்டை என்னிடம் நீட்டிவிட்டு, "வர்றேங்க மிஸ்" என்று சொல்லிப் போனாள். வெறும் கையோடு எப்படி நடப்பது என்று தெரியாதவள்போல இரண்டு கையையும் நெஞ்சோடு மடித்துக்கொண்டு போனாள்.

நான் நடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, நீர் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றார். இனி வருகிற ஒவ்வொரு மாணவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பேன் என்றார். சொல்லிக்கொடுப்பார், எனக்குச் சந்தேகமில்லை. அருமையாகவும் சொல்லிக்கொடுப்பார். மதுரன் ஒரு பாடமாகிவிடுவான்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வெட்கப்பட்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேனே, உங்கள் அன்பு என் வாயையும் சேர்த்துத்தானே கட்டிப்போட்டது என்று சொல்ல இருந்தது. இந்தப் படிப்பே வேண்டாம் என்று அழ இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அவ்வளவு அன்பாகக் கேட்டார்.

"நீர் எப்பிடி இருக்கிறீர் பிள்ளை?"

நான் எழுந்து நின்றேன்.

"நல்லாருக்கேன் சேர்" என்றேன்.