நாக்கில் வைக்கிற அப்பம்

ஐயாவோடு நான் கதைப்பதில்லை. அவர் சபையின் மூப்பர், நல்ல மனிசன் என்றுதான் தெல்லிப்பழை முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். அம்மா செத்த அன்றைக்கு எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்றவள் நான்.

அம்மா இளவாலைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மதலேனம்மா என்று ஞானஸ்நானம் பெற்றவர். ஐயாவைக் கட்டியதும் எங்கள் மிஷன் சபைக்கு மாறி, பெயரும் இரத்தினம்மா ஆயிற்று. அதற்குப் பிறகு அம்மா பழைய கோவிலைப் பற்றி வாயே திறந்ததில்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, சோறும் இறங்காமல் போன பிறகுதான் திறந்தார்.

"பிள்ளை நேசம், எனக்கு அந்த அப்பம் வேணும்."

"எந்த அப்பம்?"

"நாக்கிலை வைக்கிறது. அது இல்லாமல் என்னைப் போக விடாதை."

ஐயாவுக்கும் கேட்டது. "முப்பது வருஷம் எங்கடை சபையிலை இருந்தவளுக்கு இப்ப என்ன கத்தோலிக்கப் பாப்புமார்க்கம்?" என்று சொல்லிவிட்டு, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அடுத்த நாளும் அம்மா கேட்டார். அதற்கடுத்த நாள் சொல் வரவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டார்.

எங்கள் சபையில் திருவிருந்து என்றால் பாண் ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தட்டில் வைத்து, நாங்கள் இருக்கிற வாங்கு வரிசைகளுக்கு அனுப்புவார்கள். இருந்த இடத்திலேயே எடுத்துச் சாப்பிடுவோம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஐயாவே ஒரு துண்டை லேஞ்சித் துணியில் முடிந்து கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அங்கேயும் அப்படித்தானே இருக்கும், ஒன்றை லேஞ்சியில் முடிந்துகொண்டு வந்தால் ஆச்சு என்று நினைத்தேன். விசர்ப் புத்தி!

ஞாயிற்றுக்கிழமை விடியமுன்னம், பக்கத்து வளவுச் சின்னாச்சியை அம்மாவுக்குக் காவல் வைத்துவிட்டு இளவாலைக்கு நடந்தேன்.

கோவிலுக்குள்ளே போனதும் சாம்பிராணிப் புகை தொண்டையைப் பிடித்தது. வாங்கு இல்லை, பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டு நிலத்தில் இருந்தார்கள். நானும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு ஒரு தூணோரம் குந்தினேன். சுவாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முணுமுணுத்தார். எங்கள் போதகர் அப்படி முதுகைக் காட்டினால் சபை கலகம் செய்திருக்கும். மணி அடித்தால் விழுந்தார்கள், திரும்ப அடித்தால் எழும்பினார்கள். நான் எல்லாவற்றுக்கும் பிந்தினேன். ஆனால் ஒரு தரம் மணி அடித்தபோது, சந்தைபோல் நிறைந்திருந்த அந்தக் கோவிலில் ஒரு குழந்தை கூடச் சிணுங்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எல்லோரும் முன்னுக்குப் போய்ப் பீடத்துக் கிராதியடியில் முழந்தாளிட்டார்கள். கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டினார்கள். மீசை வைத்த ஆம்பிளைகளும்தான்! குருவிக் குஞ்சுகள் மாதிரி. சீ, இதென்ன கோலம் என்று அருவருத்தது. ஆனாலும் அம்மாவுக்காக நானும் நீட்டினேன். கடதாசி போல ஒன்று நாக்கில் ஒட்டியது. தலையைக் குனிந்து அதை விரலால் எடுத்து லேஞ்சிக்குள் வைத்தேன்.

"ஐயோ, என்ன வேலை பாக்கிறாய்!"

தட்டுப் பிடித்துக்கொண்டு வந்த கோவில் பணியாளர் அடைக்கலநாதன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். "சூனியத்துக்குக் களவெடுக்கிறாள், சூனியக்காறி" என்று ஒருத்தி கத்தினாள். சுவாமியாரின் முகம் வெளிறிப்போயிற்று. லேஞ்சியோடு அப்படியே வாங்கிக்கொண்டு, பூசை முடியும்வரை என்னை இருக்கச் சொன்னார்.

பூசை முடிந்து வந்து, "ஆருக்கு எடுத்தனீர்?" என்று கேட்டார். கோபம் இல்லாத குரல். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதலே என்னட்டைச் சொல்லியிருந்தால் நானே கொண்டு வந்திருப்பனே, பிள்ளை."

"கோவிலை விட்டுட்டுப் போனவவின்ரை வீட்டுக்கும் வருவியளோ?"

"அந்த வீட்டுக்குத்தான் முதல் ஓடோணும்."

எனக்கு அது தெரியாது. ஒருவரும் சொல்லித் தரவில்லை.

உடனே மாட்டுவண்டி பூட்டினார்கள். சுவாமியார் அந்த அப்பத்தை, அவர்கள் சொல்கிற நற்கருணையை, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி இருந்தார். அடைக்கலநாதன் முன்னால் இருந்து மணியை அடித்துக்கொண்டே வந்தார். நற்கருணை போகிற வழியில் மணி அடிப்பது அவர்கள் வழக்கமாம். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

ஐயாவுக்கும் கேட்டது. கோட்டுப் போட்டுச் சபைக்கு வெளிக்கிட்டவர், இரண்டு கையாலும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன கூத்து? மணியை நிப்பாட்டு!"

"அவ கேட்டவ, ஐயா. நாள் கணக்காக் கேக்கிறா," என்றேன்.

"அறிவு தளம்பினவள் என்னவும் கேப்பாள். இனிச் சபையிலை நான் எந்த முகத்தோடை நிக்கிறது?"

"ஒருக்கா அவவைக் கேட்டுப் பாப்பம்," என்றார் சுவாமியார். "வேண்டாமெண்டு தலையாட்டினால் இப்பவே திரும்பிப் போறன்."

ஐயா அசையவில்லை. வேத வசனங்களைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். நான் கெஞ்சினேன், காலைப் பிடித்தேன். அவர் ஒரு வசனம் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்கினார். கடைசியில் பெற்ற தகப்பனின் கையைப் பிடித்துத் திருகிப் படலையைத் திறந்தவள் நான்தான். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை. வந்த உடனே செய்யவில்லையே என்பதுதான் வருத்தம்.

சின்னாச்சி வாசலில் நின்று அழுதாள்.

"மணிச் சத்தம் கேட்ட உடனை வாயைத் திறந்தவ, பிள்ளை. நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தவ. தண்ணிக்காக்கும் எண்டு கரண்டியாலை விட்டன். துப்பிப்போட்டுத் திரும்பவும் ஆவெண்டவ. இப்பதான்... இப்பதான் மூச்சு..."

அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். வாய் திறந்திருந்தது. நாக்கு நீட்டியபடி இருந்தது, கிராதியடியில் அவர்கள் நீட்டின மாதிரியே.

சுவாமியார் குனிந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார்.

"வையுங்கோ சுவாமி. வாய் திறந்துதானே கிடக்கு, வையுங்கோ!"

"செத்தவைக்குக் குடுக்கேலாது, பிள்ளை."

நெற்றியில் எண்ணெய் பூசினார். அதைச் செய்யலாமாம். மதலேனம்மா என்று பெயர் சொல்லி மன்றாடிவிட்டு வெளியே போனார். வண்டி திரும்பிப் போகும்போது மணி அடிக்கவில்லை.

ஐயா சால்வையைக் கிழித்துக்கொண்டு வந்து, வாய் மூட நாடியைக் கட்டினார். கட்டு நழுவியது. இறுக்கிக் கட்டினார். திரும்பவும் வாய் திறந்துகொண்டது.

"விடுங்கோ ஐயா," என்றேன். "சபை வந்து பாக்கட்டும்."

பின்னேரம் சபை வந்தது. போதகர் நீளமாக ஜெபம் செய்தார். இரத்தினம்மா கடைசிவரை உறுதியாக நின்ற சகோதரி என்றார். ஐயா ஆமென் சொன்னார். பெட்டியைச் சுற்றி நின்று எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். அம்மா அவர்கள் நடுவில் வாயைத் திறந்து நாக்கை நீட்டியபடி கிடந்தார்.