மூன்று மணிப் பாட்டு

கேசட்டைக் கணினியில் ஏற்றும் வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. அறுபது நிமிடக் கேசட் என்றால் அறுபது நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும். நாமும் பக்கத்தில் காவல் இருக்க வேண்டும். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் கேட்டது அக்கா மகள். அவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அக்கா போனபோது அவள் பத்து மாதக் குழந்தை. அம்மாவின் போட்டோக்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. குரல் மட்டும் எதிலும் இல்லை. "எதுலயாவது அம்மா ஒரு வார்த்தை பேசியிருப்பாங்க சித்தி," என்று பதினான்கு வயதில் பிடிவாதம். அத்தான் சிரித்தார். "எல்லாம் ரேடியோ பாட்டும்மா. உங்கம்மா அதுல எங்க பேசினா?" பேசியிருந்தாலும் நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அக்காவுக்குத் தெரிந்த பதிவு முறை ஒன்றுதான். ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவாள். பாட்டு முடியும்வரை வீட்டில் ஒரு பிராணி இருமக்கூடாது. நான் ஒருமுறை தும்மிவிட்டு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் அப்பாவும் மகளும் வந்தார்கள். அத்தான் சோபாவில் பேப்பரை விரித்தார். அவள் ஒரு கேசட்டைத் தனியாக நீட்டினாள்.

"இது பெட்டில இல்ல சித்தி. பரண்ல கெடந்த டேப் ரிக்கார்டருக்குள்ளயே இருந்துச்சு."

பதிவு செய்யுமுன் லேபிளில் தேதி எழுதுவது அக்கா வழக்கம். இதில் எழுதியிருந்த தேதியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது அக்கா மாடிப்படிக்கு அடியில் கிடந்தாள் என்றார் அத்தான். காலையில் போனவன் அப்போதுதான் திரும்பினேன் என்றார். எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டேன். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. இரண்டு பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் நேரம் மூன்று மணி என்றார். அடுத்த பாட்டின் நடுவே கதவு திறக்கும் சத்தம். பிறகு காதோரமாக அக்காவின் குரல்.

"ஷ்... ரெக்கார்டு ஆகுது. என்னங்க, இந்நேரத்துல வந்திருக்கீங்க?"

"மொதல்ல அதை நிறுத்து. மேல வா."

அத்தான்.

காலடிச் சத்தம் தேய்ந்தது. பாட்டு முடிந்தது, இன்னொன்று வந்தது. தூரத்தில் கனமாக ஏதோ உருண்டது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. யாரும் வந்து தூக்கவில்லை. யாரும் வந்து டேப்பை நிறுத்தவும் இல்லை.

பதினான்கு வருடமாக இந்த மனிதருக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"சித்தி, அம்மாவா?" அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா. ரேடியோல பேசறவங்க."

அவள் நம்பவில்லை. ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள். நான் தடுப்பதற்குள் மௌஸால் பச்சைக் கோட்டைப் பின்னால் தள்ளிவிட்டாள். ஸ்பீக்கரில் அக்கா "ஷ்..." என்றாள்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு அழுதபடியே சிரித்தாள். "அப்பா, நீங்களும் இருக்கீங்க. அழறது நான்தான? மூணு பேருமே இருக்கோம்பா."

பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு அத்தான் எழுந்து வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கை நீட்டிக் கேசட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கெளம்பலாம்மா. செருப்பைப் போடு."

"பாப்பா இன்னிக்கு இங்கயே இருக்கட்டும் அத்தான்," என்றேன்.

"எதுக்கு?" அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது இப்ப இதுக்குள்ள மட்டும்தான இருக்கு?"

"இல்ல. சிடில போட்டாச்சு. தம்பிக்கும் அனுப்பிட்டேன்."

மேஜை மேல் சிடி பாக்கெட் இருந்தது. அதன் கண்ணாடித்தாளை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. அத்தான் அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நீ போய் கார்கிட்ட நில்லும்மா," என்று மகளிடம் சொன்னார். "சித்திகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்கப்பா," என்றாள் அவள். என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.