ஐந்துக்கு மேல் அடுக்காதே

தடதடவென்று குளிர் அறை வாசலில் பெட்டி அடுக்கு சரிந்தது. மாம்பழங்கள் சிமெண்ட் தரையில் உருண்டோடின. பெட்டிகளுக்கு அடியில் தங்கையின் வலது கை.

ஓடி வந்த அண்ணன் முதலில் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகுதான் கையைப் பார்த்தான். மணிக்கட்டு பொம்மென்று வீங்கிக்கொண்டிருந்தது.

அன்று அவன் வந்ததே கிடங்குப் பொறுப்பைத் தங்கையிடம் ஒப்படைக்கத்தான். புருஷன் வேண்டாமென்று வந்தவளுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். விட்டால் மறுபடி அண்ணியின் அடுப்படி. போன பருவத்தில் பறித்ததில் கால்வாசி அழுகிக் குப்பைக்குப் போயிருந்தது. தங்கை வந்து காம்போடு பறிக்க வைத்தாள். பால் வடியும்வரை கவிழ்த்து வைத்தாள். வெயில் ஏறுவதற்குள் நிழலுக்குக் கொண்டுவந்தாள். ஐந்து பெட்டிக்கு மேல் அடுக்கினால் அடிப்பழம் நசுங்கும் என்று தடை போட்டாள். அழுகல் பாதியாகக் குறைந்தது. அண்ணியின் தூக்கமும்தான்.

இன்னொரு சட்டமும் தங்கை போட்டதுதான். கீழே விழுந்த பழம் எத்தனை பளபளத்தாலும் சாறு பிழியத்தான் போகும். அடிபட்ட இடம் பழுக்கும்போதுதானே கறுக்கும்? விழவிட்டவருக்கு அன்றோடு கிடங்கில் வேலை இல்லை. போன மாதம் சுமை தூக்குகிறவனின் மனைவி ஒரு பெட்டியை நழுவவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி. தலை சுற்றியது என்று காலைப் பிடித்தாள். தலை சுற்றினால் கட்டிலில் படு, கிடங்குக்கு ஏன் வருகிறாய் என்று காலை உதறிக்கொண்டாள் தங்கை.

இப்போது அண்ணி புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேங்க? வீட்டு ஆளுக்கு ஒண்ணு, வேலையாளுக்கு ஒண்ணுன்னா நாளைக்கு எவன் மதிப்பான்?"

கதவைத் திறந்ததும் தானாகச் சரிந்தது, நான் தொடவே இல்லை என்றாள் தங்கை. அண்ணனின் கண் தரையில் கிடந்த பழத்தை விட்டு நகரவில்லை. அண்ணி அவள் தோளை ஆதரவாகத் தடவினாள்.

"அடிபட்டது உடனே தெரியாதும்மா. நாலு நாள் கழிச்சுத்தான் கறுக்கும். நீ சொல்லிக்கொடுத்ததுதானே?"

அண்ணன் பழத்தைச் சாற்றுக் கூடையில் போட்டான். வீட்டுக்குப் போய் அண்ணிக்கு ஒத்தாசையாக இரு என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான். கைக்கு வைத்தியம் பார்ப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அண்ணி பின்னாலேயே போனாள்.

சுமை தூக்குகிறவன் குந்தி உட்கார்ந்து, சிதறிய பழங்களைப் பதமாகப் பொறுக்கினான். வீங்கிய கையை மடியில் ஏந்தியபடி தங்கை அவனிடம் கேட்டாள், ஐந்துக்கு மேல் அடுக்கச் சொன்னது அண்ணிதானே என்று.

அவன் நிமிரவில்லை.

"முதலாளியம்மா ஆறு வைக்கத்தான் சொன்னாங்க, சின்னம்மா. எட்டா வச்சது நான்."