நான்காவது பத்து முடிந்ததும்

"கஸ்தூரி, நீயே ஆரம்பிம்மா. மூணு மணிக்கு வண்டி வந்துரும்," என்று ஜெபக்குழுத் தலைவி டொரத்தி சொன்னதும், சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிறிஸ்டின் எழுந்துவிட்டாள்.

"நான் சொல்றேன்."

கூடத்தில் பேச்சு நின்றது. பெட்டியை மூடுமுன் சொல்லும் கடைசி ஜெபமாலையை மூத்த மகள் சொல்வது அவர்கள் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த காலத்து வழக்கம். பெட்டிக்குள் படுத்திருக்கும் சவரியம்மா தன் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னாள். ஆனால் சவரியம்மாவின் மகள் தமிழில் ஜெபமாலை சொல்லி மலேசியாவின் இந்த சிம்பாங் ரெங்கம் ஊரில் யாரும் கேட்டதில்லை.

டொரத்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "தமிழ்ல சொல்லணும் கிறிஸ்டின். அம்மா ஆசை."

"தெரியும் ஆன்ட்டி."

கஸ்தூரி மறுபேச்சில்லாமல் பழைய ஜெபப் புத்தகத்தை நீட்டினாள். கிறிஸ்டினுடைய தம்பி ஆலனின் மனைவி அவள். "அண்ணி, வேணும்னா நான் பக்கத்துல உக்காந்து..."

"வேணாம். நீ ஞானஸ்நானம்கூட வாங்கல. இது எங்கம்மா."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். வாசலில் நின்ற ஆலன், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த நாற்காலிகளை ஒழுங்குபடுத்தக் கூடாரத்துக்குள் போய்விட்டான். சங்கடமான நேரத்தில் ஆலனுக்கு எப்போதுமே வெளியே ஒரு வேலை இருக்கும்.

நேற்றுக் காலையில் சேதி வந்து, சிங்கப்பூரிலிருந்து எல்லைப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து கிறிஸ்டின் வந்து சேர்வதற்குள் அம்மாவைக் குளிப்பாட்டி, சேலையும் கட்டி முடித்திருந்தார்கள். கஸ்தூரி எடுத்துக் கொடுத்த சந்தனக் கலர் சேலை. கிறிஸ்டின் கிறிஸ்மஸுக்கு வாங்கிக் கொடுத்த நீலப் பட்டு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்களும் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்கள். "மகளாட்டம் பாத்துக்கிட்டியேம்மா" என்றார்கள். பெற்ற மகளிடம் வந்து, "நீ எப்ப வந்த?" என்றார்கள்.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் காலை ஜெபம் சொல்லியபடி பால்மரம் வெட்டப் போனவள். புருஷன் சந்தனசாமி போன பிறகும் ஒரு ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. முப்பது வருஷம் கோயில் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டவள். பேரப்பிள்ளைகளின் பரீட்சையிலிருந்து கார் லைசென்ஸ் வரை எல்லாவற்றுக்கும் ஒன்பது நாள் நவநாள் வைத்தாள். பேத்தி ஷர்மைன் மூன்றாவது முறையும் லைசென்ஸ் பரீட்சையில் தோற்றபோது, "அந்தோணியார் கைவிட மாட்டாரு, நீ பிரேக்கைப் பாத்து மிதி" என்றாள்.

அந்த அம்மாதான் கிறிஸ்டினை ஏழு வயதில் குளுவாங் நகரத்தில் சிஸ்டர்மாரின் விடுதியில் கொண்டுபோய் விட்டாள். "நீ மரத்துக்குப் போவக்கூடாது" என்றாள். கிறிஸ்டின் மரத்துக்குப் போகவில்லை. மலாய் படித்தாள், ஆங்கிலம் படித்தாள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனாள். தமிழ் வாயோடு நின்றுவிட்டது. ஓர் எழுத்து தெரியாது.

கஸ்தூரியோ தமிழ்ப்பள்ளியில் படித்தவள். வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போய்வந்து, விபூதி அழியாத நெற்றியோடு மாமியாருக்கு பைபிள் வாசிப்பாள். அம்மாவுக்குக் கண் மங்கியதிலிருந்து அதுதான் நடந்தது. கிறிஸ்டின் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் இருவரும் சாப்பாட்டு மேசையில் நீல அட்டை நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அம்மா அதை மூடி, மேலே கையை வைத்துக்கொள்வாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. ஜெபம். சரி வை, கஸ்தூரிக்கு நேரமாவுது."

இரண்டு வருஷமாக இதே பதில். இதையெல்லாம் சேர்த்துத்தான் கிறிஸ்டின் இன்றைக்கு எழுந்து நின்றாள். இந்த ஒன்றையாவது கஸ்தூரிக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

சிலுவை அடையாளம் வாயில் வந்தது. பரலோக மந்திரத்தைச் சனங்களோடு சேர்ந்து ஒப்பேற்றினாள். அப்புறம் முதல் மறைபொருளை வாசிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றுகூட அவளோடு பேசவில்லை. தப்பு பக்கத்தில்தான் என்பதுபோல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கஸ்தூரி பின்னாலேயே வந்தாள். 'வந்துவிட்டாள், பரிதாபப்பட' என்று கிறிஸ்டின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கஸ்தூரி அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அந்த நீல நோட்டை எடுத்து, மாவு படிந்த அட்டையை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"இது உங்களுக்குத்தான் அண்ணி. அத்தை குடுக்கச் சொன்னாங்க. நேத்தே குடுத்திருக்கணும். நீங்க என்கூட பேசவே இல்ல லா."

கிறிஸ்டின் திறந்து பார்த்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். பெரிய பெரிய எழுத்தில், மூச்சு விட வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு போட்டு, பத்துப் பத்து மணியாக ஐந்து பத்துக்கும் முழு ஜெபமாலையும் இருந்தது.

"எப்ப எழுதுன?"

"ரெண்டு வருஷமா. அவங்க சொல்லச் சொல்ல. 'கிறிஸ்டின்தான் சொல்லணும், அதுக்குப் படிக்கத் தெரியாது, நான் பண்ண தப்பு'ன்னுவாங்க. நீங்க போன் பண்ணா மூடிருவாங்க. 'இதப் பாத்துச்சுன்னா இப்பவே நான் சாவப்போறேன்னு அழும்'னுவாங்க."

கிறிஸ்டின் நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

முதல் பத்தில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு கோடு போட்ட இடத்தில் மூச்சு விட்டபோது குரல் தானாக நிலைப்பட்டது. ஒவ்வொரு பத்துக்கும் அம்மா ஒரு கருத்து வைத்திருந்தாள். "இந்தப் பத்து என் மகன் ஆலனுக்காக. சிகரெட்டை விட்டுட்டேன்னு பொய் சொல்றதை அவன் விடணும்." கூடத்தில் மெல்லச் சிரிப்பு எழுந்தது. கூடாரத்தில் யாரோ எதையோ அவசரமாகக் காலால் அணைத்தார்கள்.

"இந்தப் பத்து என் மருமகள் கஸ்தூரிக்காக. அவ சாமியும் நம்ம சாமியும் சேர்ந்து அவளைப் பாத்துக்கட்டும்." இரண்டாவது பத்தே கஸ்தூரிக்கு. மூன்றாவது பேரப்பிள்ளைகளுக்கு. நான்காவது அப்பா சந்தனசாமிக்கு. மணிகள் நகர நகர கிறிஸ்டினின் கண் தன் பெயரைத் தேடியது. பெட்டிக்குள் சந்தனக் கலர் சேலையில் அம்மா பேசாமல் படுத்திருந்தாள். ஐம்பத்து நான்கு வயதில், செத்துப்போன தாயோடு சண்டை போட வேண்டும்போல் இருந்தது.

நான்காவது பத்து முடிந்தது. பக்கத்தின் அடியில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. சத்தமாகச் சொல்வதற்காக அல்ல, அவளுக்காக.

'கிறிஸ்டின், இங்க நிறுத்து. அடுத்தது உனக்கு. அழுதுட்டே சொன்னா யாருக்கும் புரியாது. மொதல்ல தண்ணி குடி.'

சின்ன வயதில் விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போகும்போதும் அம்மா அதையேதான் சொன்னாள். அழாதே என்று சொல்லவில்லை, தண்ணி குடி என்றாள். இந்தத் தடவை இந்த வரியை அம்மாவின் வாயால் கேட்டது கஸ்தூரிதான். தனக்கு வெறும் எழுத்துதான் மிஞ்சியது. அதற்கும் கிறிஸ்டினுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

எழுத்துகள் கலங்கின. எல்லோரும் காத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தாள். கஸ்தூரி ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர், நிறையத் தண்ணீர்.

கிறிஸ்டின் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.